இரவல் கண்கள்

ஜெர்மனிக்கு நான் போனது ஊர் பார்க்க அல்ல. ஒரு நெகடிவைக் கொடுத்துவிட்டு வரத்தான். "கூரியர்ல போட்டா நாலு நாள்ல போயிரும்மா" என்றான் மியூனிக்கில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மகன் சரவணன். இரண்டு வருஷமாக "வாம்மா, வாம்மா" என்று உயிரை வாங்கியவன், நான் கிளம்புகிறேன் என்றதும் கூரியருக்கு வந்துவிட்டான். பெற்ற பிள்ளையாயிற்றே என்று விட்டுவிட்டேன்.

அந்த நெகடிவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். என் கணவர் ராமநாதபுரத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் என்று எல்லா ஸ்டுடியோவும் செய்கிற வேலைதான். கூடவே இன்னொன்றும் செய்தார். அந்தக் காலத்தில் பல வீடுகளில் பெண்களுக்கு உயிரோடு எடுத்த படமே இருக்காது. போன பிறகுதான் ஞாபகம் வரும். நாற்காலியில் உட்கார்த்தி, முதுகுப்பக்கம் துண்டால் கட்டிவிட்டு, ஸ்டுடியோவுக்கு ஆள் அனுப்புவார்கள். மூடிய கண்ணோடு சுவரில் மாட்ட யாருக்கு மனசு வரும்? பிரிண்ட் போட்டு, அதன் மேல் பிரஷ்ஷால், வாய் திறக்காமலிருக்கத் தலையைச் சுற்றிக் கட்டிய தாடைக்கட்டை மறைத்து, திறந்த கண்களை வரைந்து, அதை மறுபடி படமெடுத்துப் பெரிசாக்கிக் கொடுப்பார். ஸ்டுடியோவில் இதற்குக் கண் திறக்கிறது என்று பெயர்.

கண்ணுக்கு மாதிரி வேண்டுமே. ஆண்களுக்கு அவர் கண்ணாடியைப் பார்த்துத் தன் கண்ணையே போட்டுவிடுவார். பெண்களுக்கு நான். சமையலறையில் வந்து நின்று, "கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்பு" என்பார். கரண்டியும் கையுமாகத் திரும்பி நிற்பேன். பத்து நிமிஷம் அசையக் கூடாது.

எனக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. இருபத்தெட்டு வருஷம் ஆபரேட்டர். ஊரில் பாதிப் பேருக்கு என் குரல் தெரியும், மீதிப் பேர் வீட்டுச் சுவரில் என் கண் இருந்தது. விசேஷங்களுக்குப் போனால் பந்தியில் தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். மாலை போட்ட படத்திலிருந்து முன்பின் தெரியாத ஒருத்தி என் கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். கல்யாணமான புதிதில் சிரிப்பாக இருந்தது. போகப் போகச் சிரிப்பு நின்றுவிட்டது.

போன மாதம் ஜெர்மனியிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. தர்ஷினி என்று பெயர், இலங்கைத் தமிழ்ப் பெண். படகில் தப்பி வந்து மண்டபம் முகாமில் இருந்தபோது அவளுடைய அம்மா காய்ச்சலில் போய்விட்டாளாம். அப்போது இவளுக்கு மூன்று வயது. அப்பா இவளைத் தூக்கிக்கொண்டு ஜெர்மனி போய் வளர்த்திருக்கிறார். இப்போது அவரும் இல்லை. அம்மாவின் படம் என்று வீட்டில் இருப்பது ஒன்றே ஒன்று. அதன் முதுகில் எங்கள் ஸ்டுடியோ முத்திரை. ராமேஸ்வரம் வந்த தோழி ஒருத்தியை விசாரிக்கச் சொல்லி என் நம்பரை வாங்கியிருக்கிறாள். 'அம்மாவின்ர வேற படம் ஏதும் உங்களிட்ட இருக்குமோ அன்ரி? அவவின்ர கண்தான் என்னை வளத்தது' என்று எழுதியிருந்தாள்.

தகரப்பெட்டியில் மூன்று நாள் தேடினேன். பட்டர் பேப்பர் உறையில் 'மண்டபம் கேம்ப்' என்று அவர் கையெழுத்து. உள்ளே ஒரே ஒரு நெகடிவ், கண் மூடியபடி. ஒன்று இருக்கிறது, நானே கொண்டுவருகிறேன் என்று பதில் போட்டேன். கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அவளை வளர்த்த கண் அவள் அம்மாவுடையது இல்லை என்பதை எப்படிக் கூரியரில் போடுவது?

மியூனிக்கில் இறங்கியது சனிக்கிழமை. மறுநாள் காலையில் எழுந்ததும் எனக்குக் காது அடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அவ்வளவு அமைதி. கடை கிடையாது, ஹாரன் கிடையாது. காலி பாட்டில்களைத் தெருமுனைத் தொட்டியில் போடப் போன என்னைச் சரவணன் ஓடிவந்து தடுத்தான். ஞாயிற்றுக்கிழமை பாட்டில் போடக் கூடாதாம், சத்தம் வருமாம். நம் ஊரில் துக்க வீட்டில்கூட இதைவிடக் கலகலப்பு இருக்கும்.

சாப்பாட்டைக் குறை சொல்ல முடியாது. முறுக்கைப் பத்து மடங்கு பெரிசாக்கி மெத்தென்று சுட்டு உப்புக்கல் ஒட்டவைத்த மாதிரி ஒரு ரொட்டி. நான் உப்பைத் தட்டிவிட்டுத் தின்றேன், சரவணன் தட்டிய உப்பைப் பொறுக்கித் தின்றான். எனக்குப் பிடிபடாதது இந்த ஊர்க்காரர்கள் பார்க்கிற பார்வைதான். ரயிலில் எதிரே இருப்பவர் நம்மை நேராகப் பார்ப்பார். நாம் திருப்பிப் பார்த்தால் நம் ஊரில் பார்வையை விலக்குவார்கள், அல்லது எந்த ஊர் என்று கேட்பார்கள். இங்கே இரண்டும் இல்லை. சும்மா பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். "இங்க அது மரியாதைக்குறைவு இல்லம்மா" என்றான் மகன். ராத்திரி ஒன்பது மணிக்கும் வெயில் அடித்தது. அந்த வெளிச்சத்தில் எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு பெண்மணி கைகட்டி நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையை இழுத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை தர்ஷினியின் ஊருக்குக் கிளம்பினேன். ஊர்ப்பெயரைப் போட வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டாள், வேலை அவளுக்கு முக்கியம். அங்கே ஒரு அருங்காட்சியகத்தில் காவலாளி. சரவணன் ஏற்றிவிட்டான், இரண்டு மணி நேரம், இறங்கவேண்டியதுதான் பாக்கி என்றான். அவன் சொல்லாமல் விட்டது, அந்த ரயில் நடுவழியில் இரண்டாகப் பிரியும் என்பதை. நான் உட்கார்ந்திருந்தது பின்பாதி. ஒலிபெருக்கி என்னவோ சொன்னது, முன்பாதி நான் போகவேண்டிய ஊருக்குப் போனது, நான் வேறெங்கோ போனேன்.

ஆறுதல் என்னவென்றால், எதிரே ஸ்ட்ராபெர்ரிக் கூடையோடு இருந்த அம்மாளும் அதே ஊருக்குப் போகவேண்டியவர். உள்ளூர்க்காரியே ஏமாந்தால் எனக்கென்ன வெட்கம்? ஆளில்லாத ஒரு ஸ்டேஷனில் இருவரும் இறங்கி, திரும்பிப் போகும் ரயிலுக்காக ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். ஸ்ட்ராபெர்ரியைத் தந்தார், நான் அதிரசம் தந்தேன். ஆங்கிலத்தில் பேசிக்கொண்டோம். எங்கே போகிறாய் என்றார். அருங்காட்சியகத்துக்கு என்றேன், ரோமானியர் காலத்துக் கல் தலைகள் இருக்கும் அறைக்கு, தர்ஷினிக்கு அங்கேதான் காவல். அவர் அதிரசத்தைக் கடிப்பதை நிறுத்தினார்.

"அந்தப் பெண் தலை இருக்கிற அறையா? என் கணவர் ஒருதடவை போனார். மறுபடி அங்கே நுழையவே மாட்டேன் என்றுவிட்டார்."

ஏன் என்றேன். "அவர் சொல்லவில்லை" என்றார். அதற்குப் பிறகு ரயில் வரும்வரை பருவமழை பற்றித்தான் பேசினோம்.

அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு, ஐந்துக்கு மூடிவிடுவார்கள். படியேறி, தர்ஷினி எழுதியனுப்பிய வழிப்படி இடப்பக்கம் திரும்பினேன். நீளமான வெள்ளை அறை, ஒரு ஓரம் முழுக்க உயரமான ஜன்னல்கள். தூண் தூணாக வைத்து ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல் தலை. மூக்குப் போனவர்கள், காது போனவர்கள். கடைசியில், ஜன்னலுக்குப் பக்கத்தில், அவள்.

பளிங்கில் ஒரு பெண். முன்னெற்றிக்கு மேல் தேன்கூடு மாதிரி சுருள் சுருளாக உயர்ந்த கொண்டை, ஒவ்வொரு சுருளுக்கும் நடுவில் துளை. அதைத்தான் எல்லாரும் முதலில் பார்ப்பார்கள் போலிருக்கிறது. நான் வாயைப் பார்த்தேன். ஸ்டுடியோக்காரன் பெண்டாட்டிக்கு அது பழக்கம். உதடுகள் தாமாக மூடியிருக்கவில்லை, யாரோ மூடிவிட்டிருந்தார்கள். கன்னம் உள்ளே வாங்கியிருந்தது. தாடை ஒரு பொட்டு மேலே ஏறியிருந்தது, கட்டி அவிழ்த்த மாதிரி. என்னையறியாமல் குனிந்து காதுக்குக் கீழே துணி அழுத்திய தடம் இருக்கிறதா என்று தேடினேன்.

பிறகு கண்ணைப் பார்த்தேன். முதுகில் ஈரத்துணி போட்ட மாதிரி இருந்தது. அந்த முகத்துக்கும் அந்தக் கண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. முகம் எல்லாம் முடிந்து அடங்கிய முகம். கண்மணியில் ஆழமாகத் துளை போட்டு, மேல் இமைக்குச் சற்றே கீழே பார்வையை நிறுத்தியிருந்தார்கள். இடக்கண் கொஞ்சம் பெரிசு. என் கணவரும் இடக்கண்ணைப் பெரிசாகத்தான் போடுவார், என் கண்ணே அப்படித்தான்.

பின்னாலிருந்து யாரோ ஜெர்மன் மொழியில் ஏதோ சொன்னார்கள். தள்ளி நிற்கச் சொல்கிறார்கள் என்று தொனியிலேயே புரிந்தது. திரும்பினேன். நீலக் கோட்டில் முப்பத்தைந்து வயதுப் பெண், கையை நீட்டியபடி. நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. என் முகத்தைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்த ஊர்ப் பார்வை என்று முதலில் நினைத்தேன்.

"ராமநாதபுரத்து அன்ரியோ?" என்றாள் கடைசியில். "வாங்கோ. பயணம் என்ன மாதிரி?"

ரயில் பிரிந்த கதையைச் சொன்னேன். சிரித்தாள், ஆனால் பார்வையை எடுக்கவில்லை. பேச்சை மாற்ற, இந்தப் பெண் யார் என்று கேட்டேன்.

"ஆரெண்டு தெரியாது அன்ரி. பேர் இல்லை. கொண்டையை வச்சுத்தான் காலம் சொல்லுறவை. ஆனா கண் அந்தக் காலத்துக் கண் இல்லையாம். முதல் வழவழப்பாத்தான் இருந்ததாம், மேல நிறம் பூசியிருந்தவையாம். நிறம் போனபிறகு, நூறு வருசம் கழிச்சு வேற ஆரோ துளை போட்டுப் பார்வை வச்சிருக்கினம்."

"அந்தப் பார்வை யாரோடது?"

"அதை ஒருத்தரும் கேட்டதில்லை" என்றாள்.

அப்போது ஒரு ஜோடி உள்ளே வந்தது. ஆண் கொண்டையைப் படமெடுக்கக் கிட்ட வந்து, போனைத் தாழ்த்திவிட்டான். "இவளைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கக் கூடாதா?" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு நகர்ந்தான். தர்ஷினிதான் மொழிபெயர்த்துச் சொன்னாள். மற்ற காவலாளிகள் இந்த அறையில் காவல் நிற்க ஒத்துக்கொள்ள மாட்டார்களாம். "எனக்குப் பயமில்லை. சின்னனிலயிருந்து சுவரில அம்மா பாத்துக்கொண்டே இருப்பா. எனக்குப் பழகிப்போச்சு."

அவள் வீடு மூன்றாவது மாடியில். பிட்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, கூடவே ஒரு தட்டில் கறுப்பு ரொட்டி. அவள் ரொட்டியைத்தான் கறியில் தொட்டுச் சாப்பிட்டாள். எட்டு மணிக்கும் பகல் வெளிச்சம், அதனால் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லித் தப்ப முடியவில்லை. சாப்பாட்டு மேசைக்கு நேர் எதிரே படம் மாட்டியிருந்தது. ஒட்டிய கன்னம், வகிடு எடுத்த தலை, எவளோ ஒரு பாவப்பட்ட பெண். அதில் இருபத்தெட்டு வயது நான் இருந்தேன்.

"எல்லாரும் அம்மாவுக்குச் சாந்தமான கண் எண்டுதான் சொல்லுவினம்" என்றாள் தர்ஷினி. "எனக்கு அப்பிடித் தெரியேல்ல. கவனம், கவனம் எண்டுதான் அந்தக் கண் சொல்லும். நான் நீச்சல் பழகேல்ல. பள்ளிக்கூடத்தால சுற்றுலா போகேல்ல. ஒருத்தர் கலியாணம் கேட்டவர், அதுக்கும் படத்தைப் பாத்திட்டு ஏலாது எண்டிட்டன்."

இப்போது இன்னொன்று வந்திருக்கிறது. ஹம்பேர்க்கில் பழைய கல்சிலைகளைத் திருத்துகிற பட்டறையில் ஆவுஸ்பில்டுங், அதாவது வேலையோடு சேர்ந்த மூன்று வருஷப் படிப்பு. தலைகளுக்குக் காவல் இருந்து இருந்து அவளுக்கு அந்த ஆசை வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும். "எழுத இருந்தா அம்மா பாக்கிறா. நீங்க வேற படம் இருக்கெண்டு சொன்னதும் யோசிச்சன், அதிலயாவது அம்மா வேற மாதிரிப் பாத்துக்கொண்டிருப்பா எண்டு. எங்க அன்ரி அது?"

கைப்பை என் மடியில்தான் இருந்தது. அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து அதை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. நான் கோழை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். "வெளிச்சத்துல பிடிச்சுப் பாக்கணும்மா. காலையில உன் வேலை இடத்துலயே, அந்தப் பெரிய ஜன்னல் பக்கத்துல தர்றேன்" என்று சமாளித்தேன். எனக்குப் படுக்கை போட்டதும் அந்த அறையில்தான். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.

காலை பத்து மணிக்குக் கதவு திறந்ததும் முதல் ஆளாக நுழைந்தேன். அறையில் நானும் அவளும் தலைகளும்தான். உறையைக் கொடுத்தேன். தூசு தட்டுகிற கையுறையைப் போட்டுக்கொண்டு ஓரத்தைப் பிடித்து ஜன்னலுக்கு நேரே தூக்கினாள். பார்த்தாள்.

"கண் மூடியிருக்கு" என்றாள். "முகத்தைச் சுத்திக் கறுப்பா என்ன இது?"

"தாடைக்கட்டு. வெள்ளைத்துணி. நெகடிவ்ல கறுப்பாத்தான் தெரியும்." அதற்குமேல் நிறுத்த முடியவில்லை. நாற்காலி, துண்டு, பிரஷ், சமையலறை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "உங்க அம்மா கண்ணு எப்படி இருக்கும்னு எங்க வீட்டுக்காரருக்கும் தெரியாதும்மா. அவ கண்ணை நாங்க யாரும் பாக்கவே இல்ல. முதல்லயே எழுதியிருக்கணும். மன்னிச்சிரு."

"தெரியும்" என்றாள். "நேற்று நீங்க திரும்பின உடனேயே தெரியும். அம்மா இஞ்ச என்ன செய்யிறா எண்டுதான் முதல் நினைச்சனான்."

அவள் அழவில்லை. நெகடிவை இன்னும் கிட்டே கொண்டுபோய், "அன்ரி, இது என்ன?" என்றாள். ஓரத்தில், நாற்காலிக் கையின் மேல், நாலு சின்ன விரல்கள். படத்தைப் பெரிசாக்கும்போது அந்த ஓரம் வெட்டுப்பட்டுப் போயிருக்கிறது. நான் எத்தனையோ முறை இந்த நெகடிவைப் பார்த்தேன், கண்ணை மட்டுமே பார்த்தேன். விரல்களை இவள்தான் கண்டாள். அப்போதுதான் எனக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. முகாமிலிருந்து வந்த என் கணவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். ஒரு பிள்ளை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை, விலக்க மனசு வரவில்லை என்றார்.

"அது நீதான்" என்றேன். அவளுக்கு அப்போதுதான் கண் கலங்கியது.

பிறகு கேட்டாள்: "அம்மாவுக்குக் கண் வரைஞ்ச அண்டைக்கு நீங்க என்னத்தைப் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்?"

"எங்க சரவணனை. பத்து மாசம் அவனுக்கு. தவழ்ந்து வாசல்படிக்குப் போயிட்டான். தாண்டி விழுந்துருவானோன்னு பயம். அசையக் கூடாதுன்னு இவர் சொல்லிட்டாரு. அதனால கண்ணாலயே அவனைப் பிடிச்சு வச்சிருந்தேன்."

"விழுந்தவரோ?"

"விழுந்தான். தானா எந்திரிச்சு உக்காந்துக்கிட்டான்."

தர்ஷினி சிரித்தாள். வாய்விட்டு, அந்த அறைக்குப் பொருந்தாத சிரிப்பு. ஒரு பிள்ளைக்காக நான் பட்ட பயத்தை முப்பது வருஷமாக இன்னொரு பிள்ளை சுமந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவள் காலில் விழலாம் போல இருந்தது.

"கொஞ்சம் யன்னல் பக்கம் திரும்புங்கோ" என்றாள்.

அதைச் சொல்ல உலகத்தில் ஒருவர்தான் இருந்தார், அவரும் போய்விட்டார். ஆனாலும் திரும்பினேன், பழகிய உடம்பு. தர்ஷினி என் முன்னால் வந்து நின்று, என் கண்களுக்குள் நேராகப் பார்த்துச் சொன்னாள்:

"நான் ஹம்பேர்க் போறன்."

கேள்வியாகச் சொல்லவில்லை.

"இனிக் கண்ணை மூடுங்கோ."

மூடினேன். ஜன்னல் வெளிச்சம் இமைக்குள் சிவப்பாகத் தெரிந்தது. எதிரே அந்தக் கல் பெண் இருப்பது தெரிந்தது. அவளுக்கு மட்டும் மூடிவிட யாரும் வரமாட்டார்கள். பட்டர் பேப்பர் சரசரக்கும் சத்தம். பிறகு தர்ஷினியின் குரல், பிள்ளையைத் தூங்கவைக்கிற மாதிரி தணிந்து:

"இனிப் படுங்கோ, அம்மா."

இருபத்தெட்டு வருஷம் குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்தவள் நான். அவள் நெகடிவிடம் சொன்னாளா, என்னிடம் சொன்னாளா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவளாகத் திறக்கச் சொல்லும்வரை நான் கண்ணைத் திறக்கவில்லை.